நிக்ஸி குழாய்க் கடிகாரம்: வீட்டில் கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்டரைச் செருகும்போது கைப்பிடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துளி வெளிச்சம் எழுமே, அது நியான் வாயுவின் ஒளி. அந்த வெளிச்சம் ஒரு துளியாக இல்லாமல் 3, 7, 8 என்று எண்களின் உருவில் எழுந்தால் எப்படி இருக்கும்? அதுதான் நிக்ஸி குழாய். கண்ணாடிக் குப்பிக்குள் மெல்லிய உலோகத்தில் வளைத்த பத்து எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் முன்னால் ஆனோடு என்னும் வலை. எந்த எண்ணைக் கிரவுண்டோடு இணைக்கிறோமோ அந்த எண்ணைச் சுற்றி மட்டும் வாயு ஒளிரும். சூடேறும் இழை எதுவும் உள்ளே கிடையாது.

1955இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எழுபதுகளில் எல்இடி எண்கள் மலிவானதும் மேற்கு நாடுகளில் தயாரிப்பு அருகிப்போனது. சோவியத் ஆலைகள் இன்னும் பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தன. இன்று நம் கைக்கு வருபவை பெரும்பாலும் அங்கே கிடங்குகளில் மிஞ்சியவை. உடைந்தால் ஒன்று குறையும், அவ்வளவுதான். அதனால் இந்த வேலையில் எங்கே இரண்டு வழி பிரிந்தாலும், குழாய் எந்த வழியில் அதிக நாள் வாழுமோ அந்த வழியையே எடுத்திருக்கிறேன். கொஞ்சம் கம்பி கூடும், கொஞ்சம் நேரம் கூடும். அதற்கு நான் தயங்குவதில்லை.

குழாய்களைத் தேர்ந்தெடுத்தல்

முதல் கடிகாரத்துக்கு இரண்டு வகைகள் பொருந்தும். ஐஎன்-12 குழாயில் எண்கள் தலைப்பகுதியில் தெரியும். சாக்கெட்டும் கிடைப்பதால் சாலிடர் செய்யாமலே மாட்டலாம். ஐஎன்-14 நின்றபடி பக்கவாட்டில் காட்டும், அடியில் நீளமான மெல்லிய கம்பிக் கால்கள். இரண்டிலும் எண்ணின் உயரம் 18 மில்லிமீட்டர். ஐஎன்-12இல் 5 என்ற எண் தலைகீழாகத் திருப்பிய 2. நாள் முழுவதும் பார்க்கப்போகும் பொருளில் இது எனக்கு உறுத்துகிறது. ஆகவே ஐஎன்-14ஐ வைத்தே மேலே எழுதுகிறேன்.

நான்கு எண்கள் போதும்: மணிக்கு இரண்டு, நிமிடத்துக்கு இரண்டு. ஆனால் ஆறு குழாய்கள் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். ஒன்று பழுதாகி வந்தாலும் வேலை நிற்காது. பார்சல் வந்ததும் கண்ணாடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கால்களைக் கண்ணாடிக்கு ஐந்து மில்லிமீட்டருக்குள் ஒருபோதும் வளைக்காதீர்கள். நான் இழந்த ஒரே குழாய் அப்படித்தான் போனது. விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை, காற்று மட்டும் உள்ளே போய்விட்டது. உள்ளே சிறிதளவு பாதரசமும் இருப்பதால், உடைந்த குழாயைக் கையால் துடைக்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, காகிதத்தால் அள்ளி, மூடிய டப்பாவில் போடுங்கள்.

மற்ற பொருட்கள்

குழாயைத் தவிர மற்றவற்றில் பாதியை மதுரையிலேயே வாங்கலாம். ரயில் நிலையத்திலிருந்து டவுன் ஹால் ரோடு, மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சுற்று நடந்தால் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டாட் போர்டு, 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் எல்லாம் பையில் விழுந்துவிடும். இணையத்தில் தருவிக்க வேண்டியவை: ஆர்டுயினோ நானோ (நிரல் ஏற்றி ஓட்டும் சிறு கணினிப் பலகை) ஒன்று, டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று, கே155ஐடி1 ஐசி நான்கு, எம்பிஎஸ்ஏ42 டிரான்சிஸ்டர் ஒன்று, 12 வோல்ட்டை 180 ஆக உயர்த்தும் மாட்யூல் ஒன்று, 12ஐ 5 ஆகக் குறைக்கும் பக் மாட்யூல் ஒன்று.

ஐந்து வோல்ட்டுக்கு 7805 என்னும் சாதாரண ரெகுலேட்டர் போதாதா என்று கடைக்காரர் கேட்பார். கே155ஐடி1 பழைய காலத்து ஐசி, ஒவ்வொன்றும் 25 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். நானோவையும் சேர்த்தால் 7805 ஏறக்குறைய ஒரு வாட்டை வெறும் சூடாக மாற்றிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில், மூடிய மரப்பெட்டிக்குள், இரவு பகலாக அந்தச் சூடு வேண்டாம்.

180 வோல்ட்: இங்கே அவசரம் கூடாது

நிக்ஸி குழாய் பற்றிக்கொள்ள 170 வோல்ட் வேண்டும். எரியத் தொடங்கியதும் 140 வோல்ட் அளவில் நிலைகொள்ளும். பன்னிரண்டு வோல்ட்டிலிருந்து இதை எழுப்பும் முறை எளிமையானது: ஒரு காயிலில் மின்சாரத்தை ஓடவிட்டுச் சட்டென்று துண்டித்தால், காயில் அந்த ஓட்டத்தை விடாமல் பிடிக்கப் பார்த்து உயர் வோல்ட்டைத் தள்ளும். அதை டையோடு வழியாகக் கெப்பாசிட்டரில் சேமிக்கிறோம். வினாடிக்குப் பல்லாயிரம் முறை இது நடக்கிறது.

முதல் முறை கட்டுபவர்கள் ஆயத்த மாட்யூலையே வாங்குங்கள். சொந்தமாகச் செய்ய ஆசைப்படுபவர்கள் எம்சி34063 ஐசி, ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட், 100 மைக்ரோஹென்றி காயில், 4.7 மைக்ரோஃபாரட் 250 வோல்ட் கெப்பாசிட்டர் என்று போகலாம். டையோடு யுஎஃப்4007 போன்ற வேக வகையாக இருக்க வேண்டும். சாதாரண 1என்4007 இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் கொதிக்கும். அந்த ஐசி தன் உணர்முனையில் 1.25 வோல்ட் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். மேலே 220 கிலோ ஓம், கீழே 1.5 கிலோ ஓமும் 500 ஓம் பிரீசெட்டும் வைத்தால், திருகை எப்படித் திருப்பினாலும் வெளியீடு 139க்கும் 185க்கும் இடையில்தான் நிற்கும். தவறுதலாக 300ஐத் தொட வழியே இருக்காது. பிரெட்போர்டில் இதைக் கட்ட வேண்டாம். அதன் தளர்ந்த தொடர்புகள் இந்த மின்னோட்டத் துடிப்பைத் தாங்காது.

இப்போது பாதுகாப்பு. 180 வோல்ட் நேர்மின்சாரம் நன்றாகவே தாக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை எப்போதும் வியர்த்திருக்கும், வியர்த்த தோல் வழியே மின்சாரம் எளிதாகப் பாயும். செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சமிருக்கும். மேலே சொன்ன 220 கிலோ ஓம் ரெசிஸ்டரே அதை ஐந்தாறு வினாடிகளில் வடித்துவிடும், என்றாலும் மல்டிமீட்டரில் பத்து வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே விரலை வையுங்கள். ஆயத்த மாட்யூல் என்றால் வெளியீட்டின் குறுக்கே ஒரு 470 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டரை நீங்களே போட்டுவிடுங்கள்.

குழாய் எதுவும் இணைக்காமல் முதலில் மாட்யூலை மட்டும் ஓட்டி 180இல் நிறுத்துங்கள். அரை மணி நேரம் ஓடட்டும். சூடு, வாடை, சீறல் ஏதும் இல்லையென்றால் அடுத்த வேலை.

ஒவ்வொரு குழாயையும் தனியே பார்த்தல்

ஐஎன்-14இன் கால்களில் ஒன்றின் அடியில், கண்ணாடிக்குள், வெள்ளைப் பூச்சு தெரியும். அது ஆனோடு. அதற்கு 180 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் குழாய் செத்துவிடும். நடுவில் ரெசிஸ்டர் கட்டாயம். கணக்கு எளிது: 180இல் 140 போக மிச்சம் 40 வோல்ட். 18 கிலோ ஓம் வைத்தால் 2.2 மில்லி ஆம்பியர். இந்தக் குழாய்க்கு 2.5 வழக்கமான அளவு. சற்றுக் குறைத்து ஓட்டினால் ஆயுள் கூடும், கண்ணுக்கு வெளிச்சக் குறைவு தெரியாது. இன்னும் குறைத்தால் 8, 0 போன்ற நீளமான எண்கள் முழுதாக எரியாமல் ஒரு மூலையில் இருண்டு நிற்கும். அந்த எல்லைக்குப் போக வேண்டாம்.

மின்சாரத்தை அணைத்து, ஒரு காலைக் கிரவுண்டோடு கிளிப்பில் மாட்டி, மின்சாரம் போட்டுப் பாருங்கள். எந்த எண் எரிகிறதோ அதை ஒரு தாளில் கால்களின் வரிசைப்படி எழுதுங்கள். அணைத்து, வடியவிட்டு, அடுத்த கால். அலுப்பான வேலைதான், ஆறு குழாய்க்கும் செய்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஆனால் முதல் எண் எரியும் நொடியில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கம்பியை ஒட்டி ஒரு மெல்லிய ஒளிப்போர்வை, அதற்கு முன்னும் பின்னும் எரியாத எண்களின் நிழல்கோடுகள். கோயில் பிராகாரத்தில் எண்ணெய் விளக்கைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த நிறம் புதிதாகத் தோன்றாது.

எதுவுமே எரியாமல் உள்ளே வெளிறிய ஊதா தெரிந்தால் காற்று புகுந்த குழாய், அதற்கு மருந்தில்லை. ஆரஞ்சைச் சுற்றி லேசான நீலச் சாயல் மட்டும் தெரிந்தால் அது பாதரசத்தால் வருவது, கவலை வேண்டாம். ஓர் எண்ணின் ஒரு பகுதி மட்டும் எரியவில்லை என்றால் அந்த எண் நெடுநாள் எரியாமல் கிடந்திருக்கிறது. பக்கத்து எண்கள் எரியும்போது தெறித்த உலோகத் துகள் அதன்மேல் படிந்துவிட்டது. 18க்குப் பதில் 12 கிலோ ஓம் வைத்து அந்த ஓர் எண்ணை மட்டும் சில மணி நேரம் எரியவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

குழாய்க்கு ஒரு ஐசி

நான்கு குழாய்களையும் ஒரே ஐசியால் மாற்றி மாற்றி மின்னவைக்கும் முறை உண்டு. பாகம் மிச்சம், கம்பியும் மிச்சம். ஆனால் கால்பங்கு நேரமே எரியும் குழாயிலிருந்து முழு வெளிச்சம் பெற அதற்குப் பல மடங்கு மின்னோட்டத்தைக் கொடுக்க வேண்டும், அணைய வேண்டிய எண்ணும் பேய்போல மங்கலாகத் தெரியும். நான் அதைச் செய்வதில்லை. குழாய்க்கு ஒரு கே155ஐடி1. நான்கு கம்பிகளில் வரும் எண்ணைப் படித்து, குழாயில் அந்த எண்ணின் காலைக் கிரவுண்டோடு இணைப்பதே இதன் வேலை.

இந்த ஐசியின் கால்கள் விசித்திரமாகக் கலைந்து கிடக்கும், எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கால் 5க்கு ஐந்து வோல்ட், கால் 12 கிரவுண்டு. நுழைவுகள்: கால் 3 ஒன்றின் மதிப்பு, கால் 6 இரண்டு, கால் 7 நான்கு, கால் 4 எட்டு. வெளியீடுகள்: கால் 16இல் 0, கால் 15இல் 1, கால் 8இல் 2, கால் 9இல் 3, கால் 13இல் 4, கால் 14இல் 5, கால் 11இல் 6, கால் 10இல் 7, கால் 1இல் 8, கால் 2இல் 9. ஒவ்வொரு ஐசியின் அருகிலும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

ஐசியை அந்தந்தக் குழாய்க்கு நேர் கீழே வைத்தால் நாற்பது கம்பிகளும் விரல்நீளத்தில் முடியும். ஆனோடுக் கோட்டுக்கும் மற்றவற்றுக்கும் இடையே இரண்டு துளையாவது காலியாக விடுங்கள். முடிந்ததும் போர்டின் அடியில் படிந்த பிளக்ஸைப் பழைய பல் துலக்கியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஐப்பசி மழையின் ஈரத்தில் அந்தப் பிசுக்கு வழியே மின்சாரம் கசியும்.

நானோவின் முனைகளை எண்ணிப் பாருங்கள்: டி2 முதல் டி13 வரை பன்னிரண்டு, ஏ0 முதல் ஏ3 வரை நான்கு. ஆகப் பதினாறு. நான்கு ஐசிக்கு நான்கு நான்காகச் சரியாகப் பதினாறு வேண்டும்! மணியின் பத்தாமிடம் டி2–டி5, ஒன்றாமிடம் டி6–டி9, நிமிடத்தின் பத்தாமிடம் டி10–டி13, ஒன்றாமிடம் ஏ0–ஏ3. ஒவ்வொன்றிலும் 1, 2, 4, 8 என்ற வரிசை.

இங்கே ஒரு சபலம் வரும். மணியின் பத்தாமிடத்தில் 0, 1, 2 மட்டுமே காட்டப்போகிறோம். இரண்டு கம்பிகள் போதுமே, மற்ற இரண்டையும் கிரவுண்டில் கட்டிவிட்டால் இரண்டு முனை மிச்சமாகுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். நாளெல்லாம் மூன்று எண்களை மட்டும் எரிக்கும் அந்தக் குழாயில்தான் மற்ற ஏழு எண்கள்மேலும் துகள் படியும். அவற்றையும் தினம் சிறிது நேரம் எரியவைக்க நான்கு கம்பிகளும் வேண்டும்.

நேரத்தைப் பிடித்து வைப்பது

மலிவான டிஎஸ்1307 மாட்யூல்களில் சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் இருக்கும். அது 25 டிகிரியில் சரியாகத் துடிக்கும், அதிலிருந்து விலக விலகப் பின்தங்கும். அறை வெப்பம் 40 டிகிரியாக இருந்தால் நாளுக்கு அரை வினாடிக்கு மேல், மாதத்துக்கு ஏறக்குறைய இருபது வினாடி. கோடையில் மதுரை மாடி அறையில் 40 டிகிரி என்பது சாதாரணம். டிஎஸ்3231 தன் வெப்பத்தைத் தானே அளந்து துடிப்பைத் திருத்திக்கொள்ளும். 40 டிகிரி வரை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது. பராமரிப்பு மின்தடையன்று காலை முதல் மாலை வரை கரண்ட் இல்லாவிட்டாலும் பட்டன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பரவலாகக் கிடைக்கும் நீல நிற டிஎஸ்3231 மாட்யூலில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஒரு டையோடும் ரெசிஸ்டரும் உண்டு. நாம் போடுவதோ சார்ஜ் செய்யக்கூடாத சிஆர்2032. உப்பி வெடிக்கக்கூடும். பேட்டரியைப் போடுவதற்கு முன் அந்த 200 ஓம் ரெசிஸ்டரை சாலிடரிங் அயர்ன் நுனியால் எடுத்துவிடுங்கள்.

மாட்யூலின் எஸ்டிஏ முனை நானோவின் ஏ4க்கும், எஸ்சிஎல் முனை ஏ5க்கும் போகும். எஸ்க்யூடபிள்யூ என்றொரு முனையும் இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் சுழியம் எழுதினால் அது வினாடிக்கு ஒருமுறை துடிக்கும். அதை 33 கிலோ ஓம் வழியாக எம்பிஎஸ்ஏ42இன் பேஸுக்குக் கொடுங்கள். எமிட்டர் கிரவுண்டில். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே இரண்டு சிறிய நியான் பல்புகள், ஒவ்வொன்றுக்கும் தனியாக 220 கிலோ ஓம் வைத்து, 180 வோல்ட்டிலிருந்து கலெக்டருக்கு. நானோவின் முனை ஒன்றுகூடச் செலவாகாமல் இரண்டு புள்ளிகளும் வினாடிக்கு வினாடி கண் சிமிட்டும்.

நிரல்

நிரல் மிகச் சிறியது. டிஎஸ்3231 நேரத்தைப் பத்தாமிடம், ஒன்றாமிடம் என்று பிரித்தே வைத்திருக்கிறது. ஒரு பைட்டின் மேல் நான்கு பிட் பத்தாமிடம், கீழ் நான்கு பிட் ஒன்றாமிடம். கே155ஐடி1 கேட்பதும் அதே நான்கு பிட். ஆகவே வகுத்தல், மீதி எதுவும் வேண்டாம்: மணியின் பத்தாமிடத்துக்குக் கீழ் இரண்டு பிட்டை மட்டும், நிமிடத்துக்கு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அப்படியே முனைகளுக்கு அனுப்புங்கள். 24 மணி முறையிலேயே வையுங்கள்.

நேரம் திருத்த இரண்டு பொத்தான்கள். மீதமிருக்கும் ஏ6, ஏ7 முனைகள் அனலாக் அளவை மட்டுமே படிக்கும், உள்ளே புல்-அப் (முனையை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. வெளியே 10 கிலோ ஓம் ஒவ்வொன்றை 5 வோல்ட்டுக்குக் கட்டி, பொத்தானைக் கிரவுண்டுக்குக் கட்டுங்கள். படித்த அளவு 500க்குக் கீழே போனால் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. நிமிடப் பொத்தானை அழுத்தும்போது வினாடியைச் சுழியமாக்கும்படி எழுதினால், கைபேசி நேரம் மாறும் கணத்தில் அழுத்திச் சரியாகப் பொருத்தலாம்.

அடுத்தது குழாய்களின் பயிற்சி. தினமும் விடியற்காலை 4.50க்குப் பத்து நிமிடம், எல்லாக் குழாய்களிலும் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றாக ஒரு நிமிடம் எரியட்டும். நிமிடத்தின் பத்தாமிடத்திலும் 6, 7, 8, 9 வேறு எப்போதும் எரியாது என்பதை நினைவில் வையுங்கள்.

இரவு பதினொன்று முதல் அந்த 4.50 வரை யாரும் பார்க்காத நேரத்தில் குழாயை அணைத்து வைப்பது அதன் ஆயுளைச் சேமிக்கும். ஐசிக்கு 15 என்று கொடுத்து எண்ணை மறைக்கலாம்தான், ஆனால் 180 வோல்ட் அப்படியே நிற்க, ஐசியின் வெளியீடுகள் அறுபது வோல்ட் அளவையே தாங்கக்கூடியவை என்பதால் மங்கலான கசிவொளி தங்கிவிடும். உயர்வோல்ட் மாட்யூலையே நிறுத்துங்கள். அதன் நிறுத்து முனையை நானோவின் டி1க்குக் கட்டலாம். நிரல் ஏற்றும் நேரத்தில் மட்டும் அந்த முனை வேறு வேலைக்குப் போகும், அதனால் தொல்லையில்லை. சில மாட்யூல்கள் 5 வோல்ட் வந்தால் நிற்கும், சில கிரவுண்டு வந்தால் நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குத் துண்டுகள் அங்கே அகப்படும். மதுரையிலிருந்து ஒரு நாள் போய்வரலாம். நூறாண்டு காய்ந்த மரம் இனி வளையாது, வெடிக்காது. குழாயின் தடிமன் 19 மில்லிமீட்டர், ஆசாரியிடம் 20இல் துளை போடச் சொல்லுங்கள். இறுக்கிப் பிடிக்கும் துளை கண்ணாடிக்கு ஆகாது.

அடியிலும் பின்புறத்திலும் காற்றுத் துளைகள் வேண்டும். அவற்றை நைலான் கொசுவலையால் மூடி ஒட்டுங்கள். என் முதல் கடிகாரம் ஓராண்டு நன்றாக ஓடி ஒரு மழைநாளில் நின்றுபோனது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பல்லி, ஆனோடுக் கோட்டின் மேல் குறுக்காக இறந்து கிடந்தது. இரும்பு வலை வேண்டாம், கழன்று விழுந்தால் அதுவே 180 வோல்ட்டைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும்.

மூடுவதற்கு முன் ஒரு வாரம் திறந்தபடியே, குழந்தைகள் எட்டாத உயரத்தில் ஓடட்டும். தினமும் நான்கு ஆனோடு ரெசிஸ்டர்களின் குறுக்கே வோல்ட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நாற்பதை ஒட்டி நின்றால் குழாய் நலமாக இருக்கிறது. பிறகு பின்பலகையின் உட்புறத்தில் பென்சிலால் சர்க்யூட்டை வரைந்து, "180 வோல்ட்" என்று பெரிதாக எழுதி, ஒவ்வொரு குழாயிலும் அச்சிட்டிருக்கும் மாதம் ஆண்டையும் அதன் கீழே எழுதுங்கள். மிஞ்சிய இரண்டு குழாய்களையும் பஞ்சில் சுற்றி, சிறு டப்பாவில் வைத்து, பெட்டியின் அடித்தட்டிலேயே திருகி வையுங்கள். பல ஆண்டு கழித்துத் திறப்பவர் அவற்றை வேறெங்கும் தேட வேண்டியிருக்காது.